மரணசாசனம் என்னும் சொல்லும் உயிலைப் பற்றிய நம் போதனையும்

பொது ஜெபப் புத்தகத்தின் பழைய முறைப்படி, பரிசுத்த வாரத்துப் புதன்கிழமைக்குரிய நிருப வாசகம் எபிரெயர் 9:16இல் தொடங்குகிறது. அதற்கு முந்திய பகுதி பாடுகளின் ஞாயிறன்றே வாசிக்கப்பட்டுப் பதினைந்தாம் வசனத்தோடு நின்றுவிடும். ஆகவே அந்தப் புதன்கிழமை ஆலயத்திற்கு வருகிறவர் எந்த முன்னுரையும் இன்றி முதலில் கேட்கும் பெயர்ச்சொல் 'மரணசாசனம்' என்பதாகும். அதற்கு முன்னும் பின்னும் 'உடன்படிக்கை' என்றே பேசிக்கொண்டிருக்கும் நம் பழைய மொழிபெயர்ப்பு, இந்த இரண்டு வசனங்களில் மட்டும் வேறொரு சொல்லை எடுத்துக்கொள்கிறது. கிரேக்க மூலத்தில் அத்தகைய மாற்றம் எதுவும் இல்லை. பதினைந்தாம் வசனத்திலும் பதினேழாம் வசனத்திலும் வருவது 'தியாதேகே' என்னும் ஒரே சொல்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள் அறியாமல் செய்த காரியம் இது என்று கூறுவதற்கில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் இவ்விடத்தில் இதையே செய்துள்ளன. எனினும் அவர்கள் தெரிந்தெடுத்த தமிழ்ச்சொல்லும், அச்சொல்லோடு சேர்ந்து நம் சபைகளில் வேரூன்றிய எண்ணங்களும், அவற்றைத் திருத்தாமல் விட்ட நம் பிரசங்கங்களும் ஆராயத்தக்கவை. உயில் எழுதுவது குறித்து நம் ஆயர்கள் பெரும்பாலும் மௌனமாயிருக்கின்றனர். மௌனம் கலையும்போதோ, சபைக்கு ஏதேனும் எழுதிவைக்கும்படி கேட்பதற்காகவே அது கலைகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் திருமறையில் ஆதாரம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொல்லை நோக்குவோம். எபிரெய மொழியின் 'பெரித்' என்னும் சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்க்க முற்பட்ட எழுபதின்மர், உடன்பாட்டைக் குறிக்கும் வழக்கமான சொல்லாகிய 'சுந்தேகே'யை ஒதுக்கிவிட்டுத் 'தியாதேகே'யைத் தெரிந்துகொண்டனர். சுந்தேகே என்பது ஏறத்தாழச் சமநிலையிலுள்ள இருவர் கூடிச் செய்யும் ஒப்பந்தம். கடவுளும் மனிதனும் பேரம் பேசிக் கையெழுத்திட்டனர் என்ற தோற்றத்தை அது தந்துவிடும். தியாதேகேயோ ஒருவர் தம் விருப்பப்படி வகுத்து வைக்கும் ஒழுங்கு. அன்றாடக் கிரேக்கத்தில் அது பெரும்பாலும் உயிலையே குறித்தது. எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளைக் கொண்டு அடால்ஃப் டைஸ்மன் இதை வற்புறுத்திக் காட்டினார். இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் 'டெஸ்டமென்டும்', அதாவது உயில், என்றே எழுதினர். ஐரோப்பியர் தங்கள் வேதபுத்தகத்தின் இரு பகுதிகளையும் இன்றளவும் 'டெஸ்டமென்ட்' என்று அழைப்பதன் காரணம் இதுவே.

தமிழில் நமக்கு மூன்று சொற்கள் வாய்த்துள்ளன. புத்தகத்தின் அட்டையில் 'ஏற்பாடு'. உள்ளே பெரும்பாலும் 'உடன்படிக்கை'. எபிரெயரின் இரண்டு வசனங்களில் 'மரணசாசனம்'. இவற்றுள் மூலத்துக்கு மிக நெருங்கி நிற்பது அட்டையில் உள்ள சொல்லே என்பது என் எண்ணம். 'உடன்படிக்கை' இருவர் உடன்படுவதைச் சொல்கிறது. எழுபதின்மர் ஒதுக்கிய சுந்தேகேயின் சாயல் அதில் உண்டு. 'ஏற்பாடு' ஒருவர் ஏற்படுத்துவதைச் சொல்கிறது. லூக்கா 22:29இல் ஆண்டவர் கடைசி இராப்போசனத்தில் தம் சீஷர்களுக்கு ராஜ்யத்தை வகுத்துக் கொடுக்கும் இடத்தில் தியாதேகேயின் வினைச்சொல் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஏற்படுத்துகிறேன்' என்றே எழுதினார்கள். பந்தியிலே சொல்லப்பட்ட அந்த வினையையும் புத்தகத்தின் பெயரையும் ஒரே வேரில் பிணைக்கும் பேறு ஆங்கிலத்துக்குக் கிட்டவில்லை, தமிழுக்குக் கிட்டியது. நாம் அதைப் பிரசங்கத்தில் பயன்படுத்துவதுதான் இல்லை.

எபிரெயர் 9:16-17இல் உயில்தான் கருதப்படுகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. உடன்படிக்கை என்றே கொள்ளவேண்டும் என்று 1889இல் வெஸ்ட்கட் எழுதினார். அதே நிலையை 1979இல் ஜே. ஜே. ஹியூஸ் விரிவாக நாட்டினார். உடன்படிக்கையில் பலியிடப்பட்ட மிருகமே உடன்படிக்கை செய்பவனின் மரணத்துக்கு அடையாளம் என்றும், பதினேழாம் வசனத்தின் 'மரித்தவர்கள்மேல்' என்ற பன்மைச் சொற்றொடர் பலிகளையே சுட்டும் என்றும் இவ்வணியினர் கூறுவர். மறுபுறத்தில் டைஸ்மனும் எஃப். எஃப். புரூசும் இன்னும் பலரும் உயில் என்றே கொண்டனர். பதினைந்தாம் வசனத்தின் முடிவில் 'நித்திய சுதந்தரம்' பேசப்படுவதால், அங்கிருந்து உயிலுக்குத் தாவுவது நிருபக்காரருக்கு இயல்பாயிருந்திருக்கும். இந்த வழக்கில் இரண்டாம் தரப்பே வலுவுடையதென எனக்குத் தோன்றுகிறது. சுதந்தரம் என்ற சொல்லைக் கேட்ட காதுக்கு உயில் அந்நியமன்று.

ஆனால் உயில் என்று கொள்வதும் 'மரணசாசனம்' என்று பெயர்ப்பதும் ஒன்றல்ல. நிருபக்காரர் எழுதிய சொல்லில் மரணம் இல்லை. மரணத்தை அவர் வாதமாகக் கொண்டுவருகிறார்: இத்தகைய ஏற்பாடு ஒன்று இருக்குமானால், அதைச் செய்தவரின் மரணம் அங்கே நிலைநாட்டப்படவேண்டும் என்கிறார். நம் மொழிபெயர்ப்பில் அவ்வாதம் தொடங்குமுன்னரே சொல்லுக்குள் புகுந்துவிடுகிறது. மரணசாசனத்துக்கு மரணம் வேண்டும் என்பது கேட்பவருக்குப் புதிதாக எதையும் கூறுவதில்லை. பத்திர எழுத்தர்களின் பழைய வழக்கிலிருந்து இச்சொல் வந்திருக்கவேண்டும். அவர்களுக்கு அது பொருத்தமே. வேதபாடத்தில் அது வாதத்தின் முனையை மழுக்கிவிட்டது.

மார்ட்டின் லூத்தர் இப்பகுதியை எவ்வாறு கையாண்டார் என்பதை ஒப்பிட்டால் நாம் இழந்தது விளங்கும். 1520இல் வெளியான 'திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு' என்னும் நூலில் அவர் திருவிருந்தை உயில் என்றே விளக்கினார். சாகப்போகிற ஒருவர் தரும் வாக்குறுதி உயில். அதில் சொத்தும் குறிக்கப்படுகிறது, வாரிசும் குறிக்கப்படுகிறார். அவ்வாறாயின் திருவிருந்து நாம் கடவுளுக்குச் செலுத்தும் பலியாக இருக்க இயலாது. உயிலின்படி பெறுகிறவன் எதையும் செலுத்துவதில்லை, பெற்றுக்கொள்கிறான். மரிக்க இயலாத கடவுள் உயில் எழுதினார் என்றால், அவர் மனிதராகவேண்டியதாயிற்று என்று மனித அவதாரத்தையும் அதற்குள்ளேயே லூத்தர் அடக்கிவிடுகிறார். அவர் எழுத்தில் முன்நிற்பது மரணமன்று, வாரிசின் பெயர். யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதே உயிலின் உயிர். இச்சிந்தனை நம் புராட்டஸ்டன்ட் மரபின் கருவூலம். ஆயினும் 'மரணசாசனம்' என்ற சொல்லின் வழியாகத் தமிழ்ச் சபையாருக்கு அது எட்டவில்லை.

கலாத்தியர் 3:15இல் நிலைமை நேர்மாறானது. மனிதர் முறைமையின்படி பேசுவதாக முன்னுரைத்துவிட்டு, உறுதிசெய்யப்பட்ட தியாதேகேயை ஒருவனும் தள்ளுவதுமில்லை, அதில் கூட்டுவதுமில்லை என்று பவுல் வாதிக்கிறார். உலக வழக்கிலிருந்து எடுத்த உவமை ஆதலால் இங்கேதான் உயில் என்ற பொருளை எதிர்பார்க்கவேண்டும். நம் மொழிபெயர்ப்போ 'உடன்படிக்கை' என்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் தயங்கியதற்குத் தக்க காரணம் உண்டு: உயில் எழுதினவர் உயிரோடிருக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாமே, தள்ளவும் கூட்டவும் இயலாது என்பது எவ்வாறு பொருந்தும்? கிரேக்கச் சட்டத்தில் முறையாகப் பதிவான உயில் மாற்றமுடியாததாய் இருந்தது என்று வில்லியம் ராம்சே இதற்கு விடை கூற முயன்றார். அதைவிட என்னைக் கவர்ந்தது 1960ஆம் ஆண்டையொட்டி எர்ன்ஸ்ட் பம்மல் முன்வைத்த விளக்கம். யூதச் சட்டத்தில் 'மத்தனத் பாரீ' என்றொரு முறை உண்டு. 'சுகமாயிருப்பவனின் நன்கொடை' என்பது அதன் பொருள். நோயில் விழுமுன், சுயவிருப்பத்தோடு, சொத்தின் உரிமையை அன்றே பிறருக்குக் கொடுத்துவிட்டு, அதன் அனுபவத்தை மட்டும் தன் ஆயுட்காலம்வரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கொடுத்தபின் திரும்பப்பெற இயலாது.

இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கப் பெருமுயற்சி தேவையில்லை. ஆயுட்கால அனுபவ உரிமையைத் தமக்கு நிறுத்திக்கொண்டு பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்டுப் பத்திரத்தை அறியாத குடும்பம் நம் ஊர்களில் குறைவு. உயிலை மாற்றலாம், செட்டில்மெண்டை மாற்றமுடியாது என்ற வேறுபாட்டை நம் சபைமூப்பர்கள் நம்மைவிட நன்கறிவர். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கை நானூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம் ரத்துசெய்யாது என்னும் பவுலின் வாதத்தை, பத்திரப்பதிவு அலுவலகத்தைக் கண்ட எவரும் இந்த ஒப்புமையால் உடனே பற்றிக்கொள்வர். ஒன்றை மட்டும் சேர்த்துக் கூறவேண்டும். உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்காதே என்று தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றான சீராக்கின் நூல் (33ஆம் அதிகாரம்) எச்சரிக்கிறது. எழுதிக்கொடுத்தபின் கைவிடப்பட்ட முதியோர் நம் சபைகளிலும் உள்ளனர். பராமரிப்பதாக நிபந்தனையிட்டுக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப்பெற, 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்தகுடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுவித்தார்களா என்று கேட்பது ஆயரின் சந்திப்பு ஊழியத்துக்குப் புறம்பானதன்று.

சாவோடு ஒட்டிய சொல் சாவுப்படுக்கையோடு ஒட்டிய வழக்கத்தையும் வளர்த்தது. உயில் என்றாலே இறுதி நேரம் என்று நம்மவர் எண்ணுகின்றனர். நலமாயிருக்கும் ஐம்பது வயதினரிடம் அதைப் பேசுவது அவச்சொல்லாகக் கருதப்படுகிறது. ஏசாயா எசேக்கியாவிடம் வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னது மரணச் செய்தியோடு சேர்ந்தே வருவதால் (2 இரா. 20:1), அதையே மாதிரியாகக் கொண்டு விட்டோம். அகித்தோப்பேலும் தன் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் நான்றுகொண்டான் (2 சாமு. 17:23), வீட்டை ஒழுங்குபடுத்துவது மட்டும் பக்தியாகிவிடாது என்பதற்கு அது சான்று. கடைசி நேர உயிலின் ஆபத்து வேறு. 'சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதலின்றியும்' என்று பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதும் வாக்கியம், மூச்சுத் திணறும் ஒருவரின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்க்கும்போது பொய்ச்சாட்சியாகிறது. அந்தப் பொய்யின் கீழே ஆயரும் சாட்சிக் கையெழுத்து இடுகிறார்.

சாட்சியைப் பற்றிப் பேசுகையில், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் நம் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டிய சில செய்திகளைச் சுட்டுவது நலம். உயிலுக்கு இரு சாட்சிகள் வேண்டும். உயிலில் எழுதியிருப்பதை அவர்கள் வாசித்தறிய வேண்டும் என்பதில்லை, எழுதினவர் கையெழுத்திட்டதைக் கண்டிருக்கவேண்டும், அல்லது அவர் அதை ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்கவேண்டும் (63ஆம் பிரிவு). சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அதே உயிலில் எழுதப்பட்ட கொடை செல்லாது. உயிலின் மற்றப் பகுதி நிற்கும் (67ஆம் பிரிவு). பதிவு கட்டாயமன்று. இவற்றைவிட நமக்கு நெருக்கமானது 69ஆம் பிரிவு: உயில் எழுதினவர் அதன்பின் திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும். மனைவியை இழந்தவர்களின் மறுமணத்தை நடத்திவைக்கும் நாம், ஓலை வாசிக்கும்போது இதைச் சொல்லுகிறோமா? முதல் மனைவியின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஓர் உயில் நம் பலிபீடத்தின் முன்னே நம் வாயின் வார்த்தையால் அழிகிறது. அது அழிந்ததை அவர்கள் அறியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

நம் பிரசங்க மேடை உயிலைத் தொடாமல் விலகுவதற்கு எடுத்துக்கொள்ளும் பகுதி லூக்கா 12:13-21. ஆஸ்தியைப் பிரித்துக்கொடுக்கும்படி தன் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும் என்று கேட்ட ஒருவனுக்கு, உங்களுக்குப் பாகம் பிரிக்கிறவனாக என்னை வைத்தவன் யார் என்று ஆண்டவர் மறுத்தார். இதிலிருந்து, சொத்துப் பிரிவினை உலகக் காரியம், ஆவிக்குரியவர் அதில் தலையிடலாகாது என்று முடிவுகட்டுகிறோம். பிறகு மதிகேடனான ஐசுவரியவான் உவமைக்குச் சென்று, போகும்போது எதையும் கொண்டுபோவதில்லை என்று முடிக்கிறோம். உவமையை மீண்டும் வாசிக்கவேண்டும். அந்த ஐசுவரியவானின் பேச்சில் மனைவி இல்லை, மகன் இல்லை, மகள் இல்லை, வேலையாளும் அயலானும் இல்லை. என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா என்று தனக்குத்தானே பேசுகிறான். எங்கே சேர்த்துவைப்பது என்பதற்குத் திட்டம் உண்டு. யாருக்குச் சேரவேண்டும் என்பதற்கு இல்லை. அவனிடம் கடவுள் கேட்ட கேள்வியோ, நீ சேகரித்தவைகள் யாருடையதாகும் என்பதே. உயிலின் கேள்வி அதுதான். அதை நாம் உயிலுக்கு எதிரான பிரசங்கமாக்கியது விந்தை.

பாகம் பிரிக்க ஆண்டவர் மறுத்ததையும் சூழலோடு பார்க்கவேண்டும். வந்தவன் வழக்கைச் சொல்லவில்லை; தீர்ப்பையே சொல்லிக்கொடுத்து, அதை அறிவிக்கப் போதகரின் அதிகாரத்தை மட்டும் கேட்டான். (தஞ்சாவூரில் 1787இல் துளஜா மன்னர் தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜிக்குப் பாதுகாவலராயிருக்கும்படி வேண்டியபோது ஷ்வார்ட்ஸ் ஐயர் அப்பொறுப்பை முதலில் ஏற்கவில்லை, பின்னர் அச்சிறுவன் துன்புறுத்தப்பட்டபோது விலகி நிற்கவும் இல்லை. மறுத்ததும் தலையிட்டதும் ஒரே மனிதர்தாம்.) தனக்குரியதைப் பறிகொடுத்தவர் முறையிட்டு வந்தபோது திருமறை அவரைத் திருப்பியனுப்பியதில்லை என்பதைச் செலொப்பியாத்தின் குமாரத்திகளிடத்தில் காணலாம். அங்கே செல்லுமுன், சபையே வாரிசாக வந்து நிற்கும் நிலையைக் கூறியாகவேண்டும்.

1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் 118ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. சகோதரர் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒரு கிறிஸ்தவர், சமய அல்லது அறப்பணிக்குச் சொத்தை உயிலால் எழுதிவைக்கவேண்டுமானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் முன்னரே உயிலை எழுதியிருக்கவேண்டும். எழுதிய ஆறு மாதங்களுக்குள் சட்டம் குறித்த இடத்தில் அதை ஒப்படைத்தும் இருக்கவேண்டும். மரணப்படுக்கையில் குருமாரின் வற்புறுத்தலுக்கு அஞ்சிப் பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தின் வாரிசு இந்தப் பிரிவு. இங்கிலாந்தே அதை 1960இல் நீக்கிவிட்டது. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமற்றம் என்ற குருவானவர் தொடுத்த வழக்கில், கிறிஸ்தவர்களை மட்டும் இவ்வாறு கட்டுப்படுத்துவது சமத்துவ உரிமைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2003 ஜூலையில் அதைச் செல்லாததாக்கியது. தீர்ப்பு நியாயமானது, பிற சமயத்தாருக்கு இல்லாத தடை நமக்கு மட்டும் இருக்கக் காரணம் இல்லை.

ஆனால் தடை நீங்கியதால் சந்தேகத்தின் காரணமும் நீங்கியதா? தாய்தகப்பனுக்கு உதவவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கி அவர்களைக் கைவிடும் வழக்கத்தை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற். 7:9-13). விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரையும் கடிந்துகொண்டார் (மாற். 12:40). நம்மைப் பற்றிய சந்தேகத்தை ஆங்கிலேயச் சட்டத்துக்கு முன்னமே சுவிசேஷம் பதிவுசெய்துள்ளது. சட்டத்தின் 61ஆம் பிரிவு இன்றும் உண்டு: ஏமாற்றுதலாலோ பலவந்தத்தாலோ, மனிதனின் சுயாதீனத்தைப் பறிக்கும் அளவுக்குரிய நச்சரிப்பாலோ பெறப்பட்ட உயில் செல்லாது. அதன் உதாரணங்களில் ஒன்று உற்றுநோக்கத்தக்கது. எதிர்த்துநிற்கத் திராணியற்ற நோயாளி, நிம்மதி கிடைத்தால் போதும் என்று மற்றவரின் விருப்பத்துக்கு இணங்கி எழுதிய உயில் செல்லாது என்கிறது அது. சுயமாய்த் தீர்மானிக்கும் நிலையிலிருப்பவரை வருந்திக் கேட்டுக்கொள்வது குற்றமன்று என்று மற்றொன்று கூறுகிறது. ஆயர் தேறுதல் சொல்லச் செல்லும் படுக்கை இவற்றுள் எதைச் சேர்ந்தது என்பதை அவரே அறிவார். ஆலயக் கட்டட நிதியைப் பற்றி அந்த அறையில் பேசலாகாது என்று எந்த மாமன்றமும் தீர்மானம் இயற்றவேண்டியதில்லை. ஆனால் இயற்றினால் நல்லது.

இனி குமாரத்திகளைப் பற்றி. நியாயப்பிரமாணத்தில் உயில் என்ற முறை இல்லை. இருப்பது தகப்பனின் விருப்பத்துக்கு இடப்பட்ட வரம்பு. இரு மனைவிகளுள் வெறுக்கப்பட்டவளின் மகன் மூத்தவனாயிருந்தால், ஆஸ்தியைப் பங்கிடும் நாளில் அவனுடைய உரிமையை விரும்பப்பட்டவளின் மகனுக்கு மாற்றக்கூடாது என்று உபாகமம் 21:15-17 தடுக்கிறது. எழுதுகிறவனின் கையைப் பலவீனமான தரப்புக்காகப் பிடிப்பதே அச்சட்டத்தின் நோக்கம். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆசரிப்புக்கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று, தகப்பனுக்கு மகன் இல்லாததால் அவர் பெயர் அற்றுப்போகலாமா என்று கேட்டனர். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் வழக்கைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனான். அவர்கள் சொல்வது சரி என்று விடை வந்தது. அதே புத்தகத்தின் 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்கள் வந்து, இப்பெண்கள் தங்கள் கோத்திரத்திலேயே மணக்கவேண்டும் என்று அத்தீர்ப்பை ஒடுக்கிக்கொண்டதையும் மறைக்கலாகாது. நிலம் கைமாறிவிடும் என்ற ஆண்களின் அச்சம் அன்றும் உடனே மேல்முறையீட்டுக்கு வந்தது. அவ்வச்சம் இல்லாத ஒரே தகப்பனாக யோபுவைக் காண்கிறோம்: மகன்கள் இருக்கவே, அவர்கள் நடுவில் மகள்களுக்கும் அவன் சுதந்தரம் கொடுத்தான் (யோபு 42:15). முன்பு அவன் அப்படிச் செய்ததாக எழுதப்படவில்லை. எல்லாம் இழந்து மீண்ட பின்புதான் இதைச் செய்தான்.

நம் நாட்டில் இந்த மேல்முறையீடு நெடுங்காலம் நடந்தது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் (1916) உயிலின்றி இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு வகுத்தது, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 1956இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இச்சட்டம் தொடர்கிறதா என்பதில் மதராஸ் உயர் நீதிமன்றமே எழுபதுகளில் இருவேறு விதமாகத் தீர்ப்பளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே அச்சட்டம் ஒழிந்தது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று முடிவுசெய்தது. அச்சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகச் சேரும். நம் சபையார் பலர் அறியாத செய்தி இது: உயிலே எழுதாத கிறிஸ்தவத் தகப்பனின் மகள், மகனோடு சரிபங்கு உடையவள்.

தீர்ப்பை அடுத்துக் கேரளத்தில் நடந்ததை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். திருச்சபைத் தலைவர்கள் தீர்ப்பை எதிர்த்தனர்; மகள்களை விலக்கி உயில் எழுதும்படி சபைகளில் அறிவுரை கூறப்பட்டது. அதுவரை உயிலைப் பற்றி வாய்திறவாத மேடை அப்போது திறந்தது! அண்டை மாநிலத்தாரைக் குறைகூறி நாம் தப்பமுடியாது. நம் ஊர்களில் உயில் எழுதும் சிரமமும் இன்றி அதே காரியம் விடுதலைப் பத்திரத்தால் நடைபெறுகிறது. தகப்பனின் அடக்க ஆராதனை முடிந்து சில வாரங்களில், சீர்செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே என்ற வார்த்தையோடு மகளிடம் கையெழுத்துக் கேட்கப்படுகிறது. தன் பங்கை இழக்கும் அந்தத் தாளுக்கு 'விடுதலை' என்று பெயர். மறுத்தால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்விடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு நமக்கு ஓர் உதவி செய்கிறது. கலாத்தியரில் வாரிசுரிமைக்குச் 'சுதந்தரம்' என்றும், வாரிசுக்குச் 'சுதந்தரவாளி' என்றும், அடிமைத்தனத்திலிருந்து பெறும் விடுதலை நிலைக்குச் 'சுயாதீனம்' என்றும் அது வேறுபடுத்தி எழுதியது. இன்றைய இளைஞர் 'சுதந்தரம்' என்று கேட்டதும் ஆகஸ்டு பதினைந்தை நினைக்கின்றனர். 'சுதந்தரவாளி' என்பதை விடுதலைப் போராட்ட வீரராகக் கொள்வோரும் உண்டு. இது மொழி மாறியதன் விளைவு, திருத்தத்தக்கதே. ஆனால் திருத்துமுன், பவுலின் வாதத்தில் இவ்விரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் காணவேண்டும். ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்ற வசனத்தை (3:28) நாம் பெண்களின் குருத்துவம் பற்றிய விவாதத்தில் எடுத்தாளுகிறோம். அதற்கு அடுத்த வசனம் எதைப் பற்றியது? சுதந்தரவாளிகளைப் பற்றியது. ஆணும் பெண்ணும் என்ற வேறுபாடு பவுலின் எழுத்தில் முதலாவது அற்றுப்போவது வாரிசுரிமையில். நான்காம் அதிகாரம் முழுவதும் அதே வழக்குமன்ற மொழியில் நடந்து, பிறகே ஐந்தாம் அதிகாரத்தின் சுயாதீனத்துக்கு வருகிறது. சுதந்தரம் இல்லாத சுயாதீனத்தைப் பவுல் அறியார்.

ஆகவே ஆயரிடம் உயிலைப் பற்றி ஆலோசனை கேட்க வருகிறவரிடம், 'எழுதுங்கள்' என்றும் 'எழுதாதீர்கள்' என்றும் பொதுப்படச் சொல்வது போதாது. யாரைச் சேர்ப்பதற்காக எழுதுகிறீர்கள், யாரை விலக்குவதற்காக எழுதுகிறீர்கள் என்று கேட்கவேண்டும். மனைவி குடியிருக்கும் வீட்டை அவள் ஆயுள்வரை அவளுக்கு உறுதிசெய்யவோ, மணமாகாத மகளுக்கும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் கூடுதலாக ஒதுக்கவோ, கூடவேயிருந்து பணிவிடை செய்தவருக்குச் சட்டம் தராததைத் தரவோ உயில் தேவை. சட்டம் ஏற்கெனவே மகளுக்குத் தந்ததை எடுத்துவிட எழுதப்படும் உயிலுக்கு ஆயர் சாட்சிக் கையெழுத்திட மறுக்கலாம். சாட்சியாகும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. இறையியல் கல்லூரிகளின் மேய்ப்பியல் பாடத்தில் திருமணச் சட்டம் கற்பிக்கப்படுகையில், வாரிசுரிமைச் சட்டத்தின் இந்தச் சில பிரிவுகளையும் இரண்டு வகுப்புகளில் கற்பித்துவிடலாம்.

மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். எபிரெயர் 9:16-17இல் 'மரணசாசனம்' என்பதை எடுத்துவிட்டு 'ஏற்பாடு' என்றே எழுதி, உயில் என்னும் பொருளும் இதற்கு உண்டு என அடிக்குறிப்பிடலாம். கலாத்தியர் 3:15இலும் அதே சொல்லை வைக்கலாம். 'உடன்படிக்கை' என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு முதலில் கரடுமுரடாகத் தோன்றும். அட்டையில் உள்ள சொல் என்பதால் சபையார் விரைவில் பழகிக்கொள்வர்.